கலிபோர்னிய வீட்டுத் தோட்டத்தில் கிளீவ்லேண்ட் சேஜ் வளர்க்கும் முறை

கலிபோர்னியாவில் வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் மல்லிகையும் வைத்து, அவற்றைக் குளிர்காலத்தில் காப்பாற்றப் பெரும்பாடு படுகின்றன. வாசல்புறத்தையோ, முந்தைய உரிமையாளர் விட்டுச் சென்ற புல்தரைக்கும் அதற்குத் தண்ணீர் பீய்ச்சும் தானியங்கிக் குழாய்களுக்கும் விட்டுவிடுகின்றன. அந்த வாசல்புறத்தில் வைக்கத் தகுந்த ஒரு செடியைப் பற்றியது இக்கட்டுரை. நாற்றுப்பண்ணைகளில் கிளீவ்லேண்ட் சேஜ் என்ற பெயரில் கிடைக்கும் இந்தப் புதர்ச்செடி, வேர் பிடித்துவிட்டால் மழையே இல்லாத கோடை மாதங்களைப் பெரும்பாலும் தானாகவே கடந்துவிடும். கோடையின் தொடக்கத்திலிருந்து ஆகஸ்டு வரை நீலமும் ஊதாவும் கலந்த பூக்களைச் சுமந்து நின்று, தேனீக்களையும் ஹம்மிங் பறவைகளையும் நாள் முழுவதும் வரவழைக்கும். இதை வளர்க்க உழைப்பு அதிகம் தேவையில்லை. ஆனால் நம் ஊர்த் தோட்டப் பழக்கங்களில் ஒன்றை, வெயில் ஏற ஏறத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கத்தை, அறவே விட்டுவிட வேண்டும்.

செடியின் ஊரும் இயல்பும்

சால்வியா கிளீவ்லாண்டியை என்பது இதன் தாவரவியல் பெயர். சான் டியேகோவைச் சுற்றியுள்ள தென்கலிபோர்னியக் குன்றுகளும், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவின் வடபகுதியும் இதன் பிறப்பிடம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் வரையில், சாப்பரல் எனப்படும் வறண்ட புதர்க்காடுகளில் இது தானாக முளைத்து வளர்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஏசா கிரே 1874இல் இதை முறைப்படி விவரித்தபோது, சான் டியேகோவில் வழக்கறிஞராக இருந்துகொண்டே செடிகளைச் சேகரித்து வந்த டேனியல் கிளீவ்லேண்டின் பெயரை இதற்குச் சூட்டினார்.

துளசி, தும்பை, கற்பூரவள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பார்த்தவுடனேயே நமக்கு ஏதோ பழகிய செடியாகத் தோன்றும். தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு பட்டைகள் தட்டுப்படும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். சாம்பல் படர்ந்த பச்சை நிறமும் மேற்பரப்பில் நுண்ணிய சுருக்கங்களும் கொண்ட அந்த இலைகளை இலேசாக உரசினாலே கைக்கு வாசனை ஏறிவிடும். செடி 3 முதல் 5 அடி உயரம் வளரும். அகலமும் ஏறத்தாழ அதே அளவுதான். பூக்கள் தனித்தனியாக வராமல், கோயில் அடுக்குத் தீபத்தின் தட்டுகளைப் போல ஒரே தண்டைச் சுற்றி இடைவெளி விட்டு அடுக்கடுக்காகப் பூக்கும்.

துளசியின் உறவு என்பதற்காகத் துளசி மாடத்துப் பராமரிப்பை இதற்கும் செய்தால் செடி பிழைக்காது. துளசி பிறந்த மண்ணில் வெப்பமும் மழையும் சேர்ந்தே வருகின்றன. கலிபோர்னியாவில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரையிலான குளிர்மாதங்களில்தான் மழை பெய்யும். மே முதல் செப்டம்பர் வரை வானம் பொதுவாக ஒரு துளியும் தராது. மழை பெய்யும் அளவும் சொற்பமே: சான் டியேகோவில் ஆண்டுக்குச் சுமார் 10 அங்குலமும் சான் ஹோசேயில் சுமார் 15 அங்குலமும்தான். இந்த ஒழுங்குக்கு ஏற்ப இச்செடி தன் ஆண்டை வகுத்துக்கொண்டிருக்கிறது. குளிரில் மண்ணுக்கடியில் வேரை ஓட்டி, இளவேனிலில் தழைத்து, கோடையின் முதற்பாதியில் பூத்து, பிறகு இலைகளைச் சுருக்கியும் ஒரு பகுதியை உதிர்த்தும் அடுத்த மழை வரும்வரை ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். அந்த உறக்கத்தின்போது வேர்ப்பகுதி சூடாகவும் ஈரமாகவும் தொடர்ந்து இருந்தால், ஃபைட்டாப்தொரா என்னும் வேரழுகல் கிருமி பெருகிச் செடியைச் சில வாரங்களிலேயே சாய்த்துவிடும். மழையும் வெப்பமும் ஒன்றாக வரும் ஊர்களுக்கு இச்செடி ஏற்றதன்று என்பதும் இதிலிருந்து விளங்கும். ஆகவே ஊருக்கு விதை அனுப்பும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுவது நல்லது.

இடத்தைத் தேர்வு செய்தல்

நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் தண்டுகள் நீண்டு சாய்ந்து, பூக்கள் குறைந்து போகும். தெற்கு அல்லது மேற்கு நோக்கிய சரிவு இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. ஏனெனில் சரிவில் தண்ணீர் தேங்காது. வெப்பநிலை சுமார் மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கினாலும் இது தாங்கும் என்பதால், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் சாக்ரமெண்டோவிலும் குளிரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. செடிக்குச் செடி 4 அல்லது 5 அடி இடைவெளி விட வேண்டும். நடும்போது இந்த இடைவெளி வெறுமையாகத் தோன்றி மனத்தை உறுத்தும். மூன்றாம் ஆண்டில் அது நிரம்பிவிடும்.

காட்டுத்தீ அபாயம் உள்ள பகுதிகளில் வசிப்போர், வீட்டுச் சுவரிலிருந்து முதல் 5 அடிக்குள் இதையோ வேறு எந்தப் புதரையோ வைக்கக் கூடாது. இதன் இலைகளில் நறுமண எண்ணெய் இருப்பதால், காய்ந்த கிளைகள் எளிதில் தீப்பற்றும்.

மண்ணைப் பொறுத்தவரை, அதன் வளத்தைவிட அதில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வடிகிறது என்பதே முக்கியம். சாண்டா கிளாரா பள்ளத்தாக்கில் பல இடங்களில் மழைக்காலத்தில் காலணியோடு ஒட்டிக்கொண்டு வரும், கோடையில் வெடித்துப் பிளக்கும் கனத்த களிமண்ணே இருக்கிறது. அங்கே நடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டும். ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள குழியைத் தோண்டி, தண்ணீரை நிரப்பி, அது முழுவதும் வடிந்த பிறகு இரண்டாம் முறையாக நிரப்பி, ஓர் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 1 முதல் 2 அங்குலம் அல்லது அதற்கு மேல் இறங்கினால் அப்படியே நடலாம். அதற்கும் குறைவானால், குழிக்குள் மணலைக் கொட்டிச் சரிசெய்ய முயலக் கூடாது. களிமண்ணுக்கு நடுவே மணல் நிரம்பிய குழி, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தொட்டியாகவே மாறும். மாறாக, அதே தோட்டத்து மண்ணைக் குவித்து, 12 முதல் 18 அங்குல உயரமும் குறைந்தது 4 அடி அகலமும் கொண்ட மேட்டை எழுப்பி, அதன் உச்சியில் செடியை வைக்க வேண்டும்.

மண்புழு உரம், எரு, காப்பித்தூள் சக்கை, கழனீர், புளித்த மோர் என்று அடுக்களையிலிருந்து அன்போடு தோட்டத்துக்குப் போகும் எதுவும் இச்செடிக்கு வேண்டாம். வளம் மிகுந்த மண்ணில் இது வேகமாகக் கொழுத்து வளர்ந்து, பூக்கும் காலத்தில் நடுவே பிளந்து கிடக்கும், ஆயுளும் குறையும். அவற்றையெல்லாம் கறிவேப்பிலைக்குக் கொடுத்துவிடலாம்.

புல்தரையை அகற்றிவிட்டு நடுவதாக இருந்தால், அங்கே இருக்கும் புல் எது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சாதாரணக் குளிர்காலப் புல்லானால், அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, நனைத்து, மேலே 3 அல்லது 4 அங்குலம் மரச்சீவல் பரப்பிச் சில மாதங்கள் விட்டால் மடிந்துவிடும். ஆனால் இங்கே பெர்முடா புல் என்று திட்டு வாங்குவது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான். அட்டைக்கெல்லாம் அது அடங்காது. அதன் நிலத்தடித் தண்டுகள் கணுவுக்குக் கணு முளைக்கும் என்பதால், கோடையில் நன்றாகத் தண்ணீர் காட்டித் தழைக்கவிட்டு, தோண்டி எடுத்து, மிச்சத்தில் முளைப்பதை மீண்டும் தோண்டி, ஒரு பருவம் முழுவதையும் அதற்கே செலவிட வேண்டும். சேஜ் புதருக்குள் அருகு புகுந்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும் தொல்லை. பல தண்ணீர் வாரியங்கள் புல்தரையை அகற்றுவோருக்கு மானியம் தருகின்றன. பெரும்பாலான திட்டங்களில், புல்லில் கைவைப்பதற்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பதால், மண்வெட்டியைத் தூக்குவதற்கு முன் உங்கள் வாரியத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

நாற்று வாங்குதல்

சேஜ் என்ற பெயரில் நாற்றுப்பண்ணையில் பலவகைச் செடிகள் கிடைக்கும். சமையலுக்கான சேஜ், பூங்காப் பாத்திகளில் வைக்கப்படும் சிவப்புச் சால்வியா, டெக்சாஸிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்த கிரெகி சேஜ் ஆகியவை எல்லாம் வேறு. ஆகவே தொட்டியில் செருகியிருக்கும் அட்டையில் கிளீவ்லாண்டியை என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதன் தேர்ந்த வகைகளுள் வின்னிஃப்ரெட் கில்மன், அடர்ந்த ஊதா நிறமும் கட்டான வடிவமும் கொண்டது. சிறிய வாசல்புறத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். களிமண்ணையும் சற்றுப் பொறுத்துக்கொண்டு வளர்வது ஆலன் சிக்கரிங் என்னும் கலப்பினம். கிளீவ்லேண்ட் சேஜும் ஊதா சேஜ் எனப்படும் லூக்கோஃபில்லாவும் சேர்ந்து பிறந்த இது பெரிதாக வளரும். போசோ புளூ என்பதும் உறுதியான கலப்பினமே.

1 கேலன் தொட்டியில் உள்ள இளஞ்செடியையே வாங்க வேண்டும். 5 கேலன் தொட்டியில் இருக்கும் பெரிய செடி உடனே தோட்டத்தை நிறைத்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால் சின்னச் செடி புதிய மண்ணில் விரைவாக வேரோடி, இரண்டு ஆண்டுகளில் அதை எட்டிவிடும், விலையும் குறைவு. தொட்டியின் அடித்துளை வழியே தடித்த வேர்கள் வெளியே சுருண்டு கிடந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்து கொடுத்து வளர்க்கப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவசியம். செடியின் உடலெங்கும் பரவும் அந்த மருந்து மகரந்தத்திலும் தேனிலும் கலந்துவிடும். தேனீக்களுக்காகச் செடி வைத்துவிட்டு அவற்றுக்கு நஞ்சூட்டுவதில் பொருளில்லை. கலிபோர்னிய இயற்கைத் தாவரச் சங்கத்தின் கிளைகள் இலையுதிர்காலத்தில் நடத்தும் செடி விற்பனைகளிலும், லாஸ் ஏஞ்சலிஸின் சன் வேலிப் பகுதியில் உள்ள தியோடர் பெய்ன் அறக்கட்டளை போன்ற நாட்டுச்செடிப் பண்ணைகளிலும் நம்பிக்கையோடு வாங்கலாம்.

நடவு

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள், அதாவது அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, நடவுக்கு உரிய காலம். ஊரில் வடகிழக்குப் பருவமழையோடு நாற்று நட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். மண்ணில் கோடையின் சூடு இன்னும் மிச்சமிருக்க, மேலே மழை தொடங்கும் இந்த வேளையில் வேர்கள் மளமளவென்று ஓடும். மாறாக, கடைகளில் செடி பூத்துக் குலுங்குவதைப் பார்த்து ஜூன் மாதத்தில் வாங்கி நடுவது, பிழைக்க வைப்பதற்கு மிகக் கடினமான வழி. கோடையில் கைக்கு வந்துவிட்டால், தொட்டியோடு அரைநிழலில் வைத்துக் காத்து, இலையுதிர்காலத்தில் நடலாம்.

தொட்டியைப் போல இருமடங்கு அகலத்துக்குக் குழி எடுக்க வேண்டும். ஆழமோ தொட்டியின் உயரத்தைவிட அரை அங்குலம் குறைவாகவே இருக்க வேண்டும். களிமண்ணில் மண்வெட்டி இழுத்த இடமெல்லாம் குழிச்சுவர் வழவழப்பாகிவிடும். கடப்பாரை நுனியால் அதைக் கீறி விட்டால்தான் வேர் உள்ளே நுழையும். குழியைத் தண்ணீரால் நிரப்பி வடியவிட்டு, தொட்டியிலிருந்த செடியையும் நனைத்துக்கொள்ள வேண்டும். செடியைத் தண்டைப் பிடித்து இழுக்காமல், தொட்டியைக் கவிழ்த்து, தூரடியை இரண்டு விரல்களுக்கிடையே தாங்கி, அடியில் தட்டினால் மண்கட்டி அப்படியே வழுக்கி வெளியே வரும். அதைச் சுற்றி வளையமாகச் சுருண்டிருக்கும் வெள்ளை வேர்களை விரல்களால் மெல்லப் பிரித்துவிட்டு, குழியின் நடுவே நிறுத்தி, தோண்டிய அதே மண்ணைத் திரும்ப இட்டு, கையால் அழுத்த வேண்டும். முடிந்த பிறகு பார்த்தால், தண்டும் வேரும் சந்திக்கும் இடம் சுற்றியுள்ள தரையைவிட அரை அங்குலம் அல்லது ஓர் அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். நம்மூரில் செடியின் தூரில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது வழக்கம். இங்கே தூரில் தண்ணீர் ஒருபோதும் நிற்கக் கூடாது.

மண்ணுக்கடியில் வேரைத் தின்னும் கோஃபர்கள் உள்ள பகுதியானால், குழிக்குள் கம்பிவலைக் கூடை ஒன்றை இறக்கி அதற்குள் நடுவது பாதுகாப்பானது. மான்கள் இதன் வாசனை கண்டு பொதுவாக ஒதுங்கிவிடும்.

நட்டவுடன் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, 2 அல்லது 3 அங்குலக் கனத்துக்கு மரச்சீவலோ சிறு கற்களோ மூடாக்காகப் பரப்ப வேண்டும். மூடாக்கு தண்டைத் தொடாமல் சுற்றிலும் நான்கு விரற்கடை விட்டிருக்க வேண்டும். தோட்டம் முழுவதையும் மூடிவிடாமல், வெயில் படும் ஏதேனும் ஒரு மூலையில் மண்ணை வெறுமையாக விட்டு வைப்பது நல்லது. கலிபோர்னியாவில் இயற்கையாக வாழும் நாட்டுத் தேனீ இனங்கள் ஏறத்தாழ 1,600 உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கூட்டமாக அடையில் வாழாமல், தனித்தனியாகத் தரையில் துளையிட்டு முட்டை வைப்பவை. கனமான மூடாக்கு அவற்றின் வாசலை அடைத்துவிடும்.

தண்ணீர் விடும் முறை

முதல் குளிர்காலத்தில் மழை ஒழுங்காகப் பெய்தால் நாம் எதுவும் செய்யத் தேவையில்லை. ஆனால் இங்கே மழை பத்து நாள் பெய்து ஒரு மாதம் காணாமல் போவதும் உண்டு. இரண்டு வாரம் மழையில்லாவிட்டால் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தொட்டியில் இருந்த இலகுவான கலவை மண், சுற்றியுள்ள தோட்டத்து மண்ணைவிட விரைவில் காய்ந்துவிடும். தோட்டம் ஈரமாகத் தோன்றும்போதே செடியின் வேர்க்கட்டி உள்ளுக்குள் வறண்டு கிடக்கக்கூடும். எனவே முதல் சில மாதங்களுக்கு மட்டும், தண்டுக்கு அருகே விரலை விட்டு அந்த வேர்க்கட்டியின் ஈரத்தையே சோதிக்க வேண்டும்.

முதல் கோடைதான் சோதனைக் காலம். இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதிகாலையில், இயன்றால் வெயில் தணிந்த நாளாகவோ மூடுபனி இறங்கிய நாளாகவோ பார்த்து, ஓரடி ஆழத்துக்கு நனையும்படி தண்ணீர் விட வேண்டும். தண்ணீரைத் தண்டருகில் விடாமல், கிளைகளின் நுனிக்கு நேர்கீழே வட்டமாக விட்டால், வேர்கள் அதைத் தேடி வெளிநோக்கி ஓடும். 40 டிகிரி வெப்பம் அடிக்கும் நாளின் நடுப்பகலில் செடி வாடுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் குழாயைத் திறப்பதுதான் மிக ஆபத்தான செயல். சூடேறிய மண்ணில் அப்போது விழும் தண்ணீர்தான் அழுகலுக்கு வழி திறக்கிறது. இரண்டாம் கோடையில் மாதம் ஒருமுறை போதும். அதன் பிறகு கடற்கரையை ஒட்டிய ஊர்களில் கோடைத் தண்ணீரே வேண்டியதில்லை. லிவர்மோர், ரிவர்சைடு போன்ற உள்நாட்டு ஊர்களில் மட்டும் மாதம் ஒருமுறை ஆழமாக விட்டால், பூக்கும் காலம் சற்று நீளும்.

தாகத்தால் வாடும் செடியும் வேரழுகி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால்தான் பலருடைய சேஜ்கள் மடிகின்றன. இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. பிற்பகலில் தொங்கிய இலைகள் மறுநாள் விடியற்காலையில் நிமிர்ந்திருந்தால் செடிக்கு ஒரு குறையும் இல்லை. அது வெயிலைச் சமாளிக்கும் விதம் அதுவே. காலையிலும் தொங்கியிருந்தால், ஐந்தாறு அங்குல ஆழத்துக்குச் சிறு மண்வெட்டியால் தோண்டிப் பார்க்க வேண்டும். அங்கே மண் உதிரியாக, வறண்டு இருந்தால் தண்ணீர் விடலாம். பிடித்தால் உருண்டையாகத் திரளும் அளவுக்கு ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது என்றால் வேர் கெட்டுவிட்டது என்று பொருள்; அதற்கு மேல் விடும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் அதன் முடிவை விரைவுபடுத்தும். தண்ணீரை நிறுத்தி, மூடாக்கைச் சுற்றிலும் விலக்கி, தூரில் காற்றுப்படச் செய்வதைத் தவிர அப்போது செய்யக்கூடியது அதிகமில்லை.

ஆகஸ்டுக்குப் பிறகு அடியிலைகள் பழுத்து உதிர்வதும், மீதமுள்ளவை சிறுத்துச் சாம்பல் நிறமாவதும் நோயன்று. செடி இறந்துவிட்டதோ என்று ஐயம் வந்தால், ஒரு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் வைத்திருப்போர் அதன் சொட்டுவாய்களைத் தண்டுக்கு அருகே பொருத்தக் கூடாது. மூன்றாம் ஆண்டில் அந்தக் கிளைக்குழாயை அடைத்துவிடுவதே மேல். பக்கத்துப் புல்தரையின் தெளிப்பான் இதன் மீது படுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் புல்லுக்கு வாரம் மூன்று முறை விடும் தண்ணீரில் இது ஒரு கோடையைக் கூடத் தாண்டாது.

பூவும் அதை நாடி வருபவையும்

ஜூன் மாதத்துக் காலை வேளையில் ஒரு பூவை அருகிலிருந்து பாருங்கள். மேலுதடும் கீழுதடும் பிரிந்த குழாய் வடிவப் பூ. உள்ளிருந்து இரண்டே இரண்டு மகரந்தத்தாள்களும் ஒரு சூலகத்தண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஐரோப்பியப் புல்வெளிகளின் சேஜ் பூவில் மகரந்தத்தாள் ஒரு நெம்புகோலாக அமைந்திருக்கிறது. உள்ளே தலையை நுழைக்கும் தேனீ அதன் அடிப்பகுதியைத் தள்ள, மேற்பகுதி இறங்கி வந்து தேனீயின் முதுகில் மகரந்தத்தைப் பூசிவிடும். ஜெர்மானியரான கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல் 1793இல் வெளியிட்ட தம் நூலில் இதை விளக்கினார். கிளீவ்லேண்ட் சேஜின் கூட்டத்தைச் சேர்ந்த கலிபோர்னிய சேஜ்களில் அந்தப் பொறி இல்லை. வெளியே நீட்டி நிற்கும் தாள்களே, தேனுக்காக வரும் பறவையின் நெற்றியிலோ பெரிய தேனீயின் உடலிலோ உரசிவிடுகின்றன.

குழாய் நீளமானது என்பதால் சாதாரணத் தேனீயின் நாக்கு அடிவரை எளிதில் எட்டுவதில்லை. நன்றாகத் தேன் உறிஞ்சுபவை பம்பிள்பீ எனப்படும் மயிரடர்ந்த தேனீக்களும் ஹம்மிங் பறவைகளும்தான். தச்சுத்தேனீக்கள் வேறொரு வழி வைத்திருக்கின்றன: முன்வாசல் வழியே போகாமல் பூவின் அடிக்குழாயைப் பக்கவாட்டில் கிழித்துத் தேனைக் குடித்துவிட்டுப் போய்விடுவதும் உண்டு; அந்தக் கிழிசல் வழியே பிறகு சிறு தேனீக்களும் பங்கு பெறும். கலிபோர்னியப் பள்ளத்தாக்குகளின் தச்சுத்தேனீயில் பெண் பளபளக்கும் கருப்பு, ஆண் பொன்னிறம். பொன்னிற ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. வாசலில் குழந்தைகள் விளையாடும் வீடுகளில் இதை அறிந்து வைத்திருப்பது பயன்படும். அன்னா ஹம்மிங் பறவை ஆண்டு முழுவதும் இங்கேயே தங்குவது. பூத்த புதர் ஒன்று கிடைத்தால் அதைத் தன் ஆட்சிக்குட்பட்டதாக அறிவித்து மற்ற பறவைகளை விரட்டிக்கொண்டே இருக்கும். சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியைத் தொங்கவிட்டு வாரந்தோறும் கழுவுவதைவிட இரண்டு சேஜ் புதர்கள் வைப்பது மிகச் சுலபம் என்பது என் கருத்து.

இந்தப் பகுதியின் தேன் வரலாறும் சேஜ் புதர்களோடு பிணைந்தது. 1869இல் ஜான் ஹார்பிசன் என்பவர் தேனீப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிச் சான் டியேகோவுக்குக் கொண்டுவந்தார். குன்றுகளெங்கும் மண்டியிருந்த கருப்பு சேஜ் முதலிய புதர்களின் பூக்களால் சில ஆண்டுகளிலேயே அவ்வட்டாரம் தேனுக்குப் பேர்போனதாயிற்று.

ஒரே செடி கோடை முழுவதும் தேனீக்களுக்குச் சோறு போட முடியாது. முன்பனிக்குப் பின் பூக்கும் கருப்பு சேஜையும் லூக்கோஃபில்லாவையும் அருகில் வைத்தால் மார்ச் முதல் உணவு கிடைக்கும். கோடைக் கடைசிக்குக் கலிபோர்னியா பக்வீட்டும், செப்டம்பர், அக்டோபரில் செந்நிறமாகப் பூக்கும் கலிபோர்னியா ஃபியூஷாவும் துணை நிற்கும். இவை அனைத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு தண்ணீரே தேவைப்படும் என்பதால் ஒன்றாக வைப்பதில் சிக்கலில்லை. தினமும் தண்ணீர் கேட்கும் ரோஜாவையும் சாமந்தியையும் மட்டும் இதே பாத்தியில் சேர்க்காதீர்கள்.

கவாத்து

பூக்கள் உதிர்ந்தவுடன் காய்ந்த கதிர்களை வெட்டிச் சுத்தம் செய்யும் ஆசை எழும். சற்றுப் பொறுக்கலாம். ஒவ்வொரு புல்லிவட்டத்துக்குள்ளும் நான்கு சிறு விதைகள் வரை இருக்கும். கோல்டுஃபிஞ்ச் என்னும் மஞ்சள் வயிற்றுச் சிறு குருவிகள் காய்ந்த அடுக்குகளில் தொங்கிக்கொண்டு அவற்றைக் கொத்தித் தின்னும். தவிரவும், கோடை வெயிலில் வெட்டுவது செடியை நலிவுபடுத்தும்.

நவம்பரில் முதல் மழை விழுந்த பிறகு, கிளைகளின் கீழ்க்கணுக்களில் பச்சை மொட்டுகள் தெரியத் தொடங்கும்போது கவாத்து செய்ய வேண்டும். மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை, புதர் மிகவும் பரந்திருந்தால் ஏறக்குறைய பாதியை, வெட்டலாம். வெட்டு விழும் இடத்துக்குக் கீழே இலையோ மொட்டோ கட்டாயம் இருக்க வேண்டும். இலையே இல்லாத பழைய கட்டைப் பகுதியில் வெட்டினால் அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது, அந்தக் கிளை அப்படியே செத்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகளில் குருத்து நுனிகளை அவ்வப்போது கிள்ளிவிட்டு வந்தால் அடியிலிருந்தே பல கிளைகள் விட்டு, பிற்காலத்தில் நடுவே பிளக்காத கட்டான புதராக அமையும். பூச்சித் தொல்லை இதற்கு மிகக் குறைவு. தளிர்களில் எச்சில் நுரைபோல் தெரிவது ஒரு சிறு பூச்சியின் கூடு, தண்ணீரைப் பீய்ச்சினால் போய்விடும்.

புதிய செடிகளை உண்டாக்குதல்

ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் புதர் கட்டை பாய்ந்து, உருவம் கெட்டு, பூக்களும் குறையத் தொடங்கும். அதற்கு முன்பே அடுத்த தலைமுறையை ஆயத்தம் செய்துகொள்வது நல்லது. விதையிலிருந்தும் வளர்க்கலாம்; நனைத்தால் சப்ஜா விதையைப் போலவே இதன் விதையும் வழவழப்பாகும். இதே பேரினத்தைச் சேர்ந்த சியா விதையிலும் நாம் பார்ப்பது அதைத்தான். ஆனால் வின்னிஃப்ரெட் கில்மன் போன்ற தேர்ந்த வகைகளின் குணம் விதை வழியே அப்படியே வராது என்பதால், தண்டுக் குச்சிகளை வேர்விடச் செய்வதே நம்பகமான வழி.

இளவேனில் தொடங்கும்போது, பூ மொட்டு வைக்காத, வளைத்தால் ஒடியாமல் இசைந்து கொடுக்கும் நுனித் தண்டுகளை 3 அல்லது 4 அங்குல நீளத்துக்குக் காலை வேளையில் வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் நறுக்கி, அடி இலைகளை அகற்றி, நுனியில் இரண்டு இணை இலைகளை மட்டும் விட்டு, பெர்லைட் எனப்படும் இலேசான வெண்ணிறக் கல்துகளும் தேங்காய் நார்க்கழிவும் சமமாகக் கலந்த தொட்டியில் ஒரு கணு உள்ளே போகும்படி செருக வேண்டும். வேர்விட உதவும் ஹார்மோன் பொடியில் அடியைத் தோய்த்துக்கொண்டால் வாய்ப்பு கூடும். வெளிச்சம் உண்டு, நேர்வெயில் இல்லை என்ற இடத்தில் வைத்து, கலவை நனைந்தும் நனையாமலும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு வாரங்களில் வேர் விடும். மெல்ல இழுத்துப் பார்க்கும்போது குச்சி பிடித்துக்கொண்டு நின்றால் வேர் வந்துவிட்டது என்று அறியலாம். கண்ணாடிப் புட்டியையோ பிளாஸ்டிக் உறையையோ கவிழ்த்து மூடி வைப்பது மற்றச் செடிகளுக்குச் சரி. சாம்பல் இலைகொண்ட இதற்கு உள்ளே வேர்க்கும் ஈரமே பூஞ்சையைக் கொண்டுவந்துவிடும், ஆகையால் திறந்தே வையுங்கள். வேர்விட்ட குச்சிகளைத் தனித்தனித் தொட்டிகளுக்கு மாற்றி, கோடை முழுவதும் அரைநிழலில் காத்து வந்தால், ஐப்பசி மழைக்கு அவை நடவுக்கு ஆயத்தமாகியிருக்கும்.